சின்ன சிலேட்டு: இரண்டே ஆட்டம் உள்ள இரவுக்கு ஃபேன்டஸி கால்பந்து அணி போடுவது எப்படி

ஃபேன்டஸி கால்பந்து என்றால் நிஜ ஆட்டக்காரர்களைப் பொறுக்கிக் கற்பனை அணி போட்டு, அவர்கள் களத்தில் செய்வதற்குப் புள்ளி எண்ணும் ஆட்டம். அதில் ஸ்லேட் என்றால் அன்றைய போட்டிக்குக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் ஆட்டங்களின் பட்டியல். எங்கள் ஆட்கள் வாயில் அது சிலேட்டு ஆகிவிட்டது. சனிக்கிழமை ஏழெட்டு ஆட்டம் சேர்ந்து வந்தால் பெரிய சிலேட்டு. இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று ஆட்டம் என்றால் சின்ன சிலேட்டு. பெரிய சிலேட்டில் ஆடிப் பழகிய கை சின்ன சிலேட்டில் சொதப்பும். நான் ஒரு சீசன் முழுக்கச் சொதப்பியிருக்கிறேன்.

எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். பாதிப் பேர் பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டங்களில் இருக்கிறோம், மீதிப் பேர் மலைக்குக் கீழே போடியில். போடிமெட்டுக்கு இந்தப் பக்கம் கேரளம், அந்தப் பக்கம் தமிழ்நாடு. வாட்ஸ்அப் குழுவுக்குச் செக்போஸ்ட் கிடையாது. குழுவில் ஜீப் ஓட்டும் அண்ணன் ஒருவர் உண்டு. விடியும் முன்னே போடியில் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் மேலே வர வேண்டியவர். ஐரோப்பிய கிளப்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் பெரும்பாலான ஆட்டங்கள் குளிர்காலத்தில் நம் நேரம் ராத்திரி 1.30க்குத்தான் தொடங்கும். அவர் அதைப் பார்த்துவிட்டு வண்டி எடுத்தால் ஏறி வருகிறவர்கள் கதி என்ன? அதனால் எங்களுக்கு வாய்த்தது 11.15 ஆட்டங்கள். அந்த நேரத்தில் ஒரு நாளைக்குப் பெரும்பாலும் இரண்டே ஆட்டம்தான். இப்படித்தான் நாங்கள் சின்ன சிலேட்டுக்காரர்கள் ஆனோம்.

எனக்குத் தூக்கம் ஒரு பிரச்சினை இல்லை. ஏலக்காய் ஸ்டோரில் ட்ரையர் பார்க்கும் வேலை. காய் போட்டிருக்கும் ராத்திரி எப்படியும் விழித்துத்தான் இருக்க வேண்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் திறமை, அதிர்ஷ்டம் என்று பிரிக்காமல் மொத்தமாகத் தடை செய்கிறது. பெரிய ஃபேன்டஸி ஆப்கள் எல்லாம் அந்த மாதமே காசுப் போட்டிகளை நிறுத்திவிட்டன. இங்கே எழுதுவது காசில்லாத ஆட்டத்துக்கு. எங்கள் குழுவில் ஜெயிக்கிறவருக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை சேட்டன் கடையில் ஒரு கட்டன் சாயாவும் இரண்டு பரிப்பு வடையும், கூடவே ஒரு வாரத்துக்கு வாய் பேசும் உரிமையும். பின்னதற்குத்தான் போட்டி.

விதியைக் கடைசி வரி வரை பேசி முடியுங்கள்

எங்கள் விதி இது. எட்டு பேர்: கோலி (கோல்கீப்பர்) 1, டிஃபென்டர் 2, மிட்ஃபீல்டர் 2, ஃபார்வர்டு 2, எந்த இடத்துக்காரரும் வரலாம் என்று ஒரு இடம். ஆட்களை வாங்கச் செலவழிக்க 100 கிரெடிட். ஒரே அணியிலிருந்து நாலு பேருக்கு மேல் கூடாது. கோலுக்கு 10, அசிஸ்ட்டுக்கு (கோலுக்குக் கடைசியாகப் பந்து கொடுத்ததற்கு) 6, கோலை நோக்கிப் போன ஷாட்டுக்கு 2, கிராஸுக்கு (பக்கவாட்டிலிருந்து கோல் முன்னே போடும் பந்துக்கு) அரை. கோலிக்குத் தடுக்கும் ஒவ்வொரு ஷாட்டுக்கும் (சேவ்) 2, வாங்கும் ஒவ்வொரு கோலுக்கும் கழித்தல் 2. கோலே வாங்காவிட்டால் கோலிக்கு 5, டிஃபென்டருக்கு 3. மஞ்சள் அட்டைக்குக் கழித்தல் 1. எட்டில் ஒருவரைக் கேப்டன் ஆக்குவோம், அவருக்கு எல்லாம் இரட்டிப்பு.

உங்கள் குழுவிலோ ஆப்பிலோ எண்கள் வேறாக இருக்கலாம். எண்களைவிட, எண்கள் சொல்லாமல் விடுவதைக் கவனியுங்கள். நாங்கள் அடிபட்டுக் கற்றது 2025 மே மாதம். சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாம் சுற்று ஆட்டங்கள் (ஒவ்வொரு ஜோடியும் இரண்டு முறை மோதும், அதில் இரண்டாவது): முதல் இரவு இன்டர் - பார்சிலோனா, மறு இரவு பாரிஸ் சென் ஜெர்மெய்ன் - ஆர்சனல். இரண்டும் நம் நேரம் 12.30. வருடத்தில் அந்த இரண்டு ராத்திரி மட்டும் தூக்கத்தை விடுவது என்று முடிவு செய்து, இரண்டு இரவுகளையும் சேர்த்து ஒரே சிலேட்டாக வைத்தோம். இந்த வழிகாட்டி முழுக்க அந்தச் சிலேட்டுக்கே திரும்பத் திரும்ப வருவேன். சின்ன சிலேட்டின் எல்லாப் பாடமும் அதில் இருக்கிறது.

முதல் ஆட்டம் 90 நிமிடத்தில் 3-3. எக்ஸ்ட்ரா டைமில், 99ஆம் நிமிடம் ஃபிராத்தேசி அடித்த கோலில் இன்டர் 4-3 என்று ஜெயித்தது. எங்கள் குழுவில் ஒரு தம்பி, லைன்-அப் (தொடக்கத்தில் இறங்கும் பதினொருவர் பட்டியல்) வரும் முன்னே அணியைப் போட்டுவிட்டுத் தூங்கிப்போனவன், ஃபிராத்தேசியைச் சேர்த்திருந்தான். அவர் தொடங்கியது பெஞ்சில். எக்ஸ்ட்ரா டைம் கணக்கா இல்லையா என்று விதியில் ஒரு வார்த்தை இல்லை. ராத்திரி மூன்றரை மணிக்குக் குழுவில் வாக்கெடுப்பு. பெரும்பான்மை வாக்கில் கணக்கில் எடுத்தோம். தூங்கிக்கொண்டிருந்தவனுக்குப் பத்துப் புள்ளி!

அதே ஆட்டத்தில் இன்டரின் லவுதாரோவை வீழ்த்தியதால் கிடைத்த பெனால்டியை சல்ஹனோலு கோலாக்கினார். பெனால்டி வாங்கித் தந்தவருக்கு அசிஸ்ட் உண்டா? பிரீமியர் லீக்கின் அதிகாரப்பூர்வ ஃபேன்டஸி விளையாட்டில் உண்டு. எல்லா இடத்திலும் இல்லை. ஜீப் அண்ணன் இன்றும் அந்த ஆறு புள்ளியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆக எக்ஸ்ட்ரா டைம், பெனால்டி வாங்கித் தந்தவர், அணியை எப்போது பூட்டுவது, யாருடைய புள்ளிவிவரப் பக்கத்தை நம்புவது, இந்த நாலையும் முதல் நாளே எழுதி வைத்துவிடுங்கள்.

கோல் எவ்வளவு அரிது என்று மனசில் ஏற்றிக்கொள்ளுங்கள்

2023-24 பிரீமியர் லீக் கோல் மழை பெய்த வருடம். 380 ஆட்டத்தில் 1246 கோல், ஆட்டத்துக்குச் சராசரி 3.28. அப்படிப்பட்ட வருடத்திலும் இரண்டு ஆட்டச் சிலேட்டுக்கு ஆறேழு கோல்தான் வரும். தொடக்கத்தில் இறங்குகிறவர்கள் மட்டும் 44 பேர். பெரிய சிலேட்டில் எட்டு ஆட்டத்துக்கு இருபத்தைந்து கோல் சிதறிக் கிடக்கும், நீங்கள் தவறவிட்ட கோலை இன்னொரு கோல் ஈடுகட்டும். சின்ன சிலேட்டில் ஒரு கோலைத் தவறவிட்டால் ஆறில் ஒரு பங்கு போனது.

அந்த மே மாதச் சிலேட்டில் பத்து கோல். இரண்டாம் ஆட்டம் 2-1. பத்தையும் அடித்தது பத்து வெவ்வேறு ஆட்கள். லவுதாரோ, சல்ஹனோலு, எரிக் கார்சியா, ஓல்மோ, ரஃபின்யா, அசெர்பி, ஃபிராத்தேசி, ஃபாபியான் ரூயிஸ், ஹக்கிமி, சாக்கா. இதில் மூன்று பேர் டிஃபென்டர்கள். முதல் சுற்றில் தனியாளாகப் பந்தைக் கொண்டுபோய் உலகத்தை வாய் பிளக்க வைத்த பார்சிலோனாவின் லமின் யமால் இந்தப் பட்டியலில் இல்லை. எங்கள் பன்னிரண்டு பேரில் எட்டுப் பேரின் கேப்டன் அவர்தான். நானும் அந்த எட்டில் ஒருவன்.

ஆளைப் பார்க்கும் முன் எதிராளியைப் பாருங்கள்

ஏலக்காய் ஏலத்தில் 8 எம்எம் காய்க்கு எப்போதும் கிராக்கி. நல்ல காய், சந்தேகமில்லை. ஆனால் எல்லா வியாபாரியும் அதே லாட்டுக்குப் பட்டனை அமுக்கினால் வாங்கியவருக்கு மிச்சம் என்ன? யமால் 8 எம்எம் காய். அவர் நன்றாக ஆடினால் எட்டுப் பேருக்கும் நல்லது, அதாவது யாருக்கும் தனியாக நல்லதில்லை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். துல்லியமான எண்கள் இல்லை, கையால் போடும் தோராயம். சிலேட்டிலேயே அதிகப் புள்ளி எடுப்பவராக யமால் வர 100க்கு 40 வாய்ப்பு என்று தாராளமாகவே வைப்போம். அவரைக் கேப்டனாகப் போட்டவர்கள் எட்டுப் பேர். அந்த 40 எட்டாகப் பிரிந்தால் ஆளுக்கு 5. லவுதாரோவுக்கு 100க்கு 15 வாய்ப்புதான். ஆனால் அவரைக் கேப்டனாகப் போட்டது ஜீப் அண்ணன் ஒருவரே. 15 முழுக்க அவருக்கு. ஆட்டக்காரர் என்று பார்த்தால் யமாலுக்கு வாய்ப்பு அதிகம். நீங்கள் முதலிடம் வர வேண்டும் என்று பார்த்தால் லவுதாரோ மூன்று மடங்கு மேல்.

சின்ன சிலேட்டில் நடப்பது முழுக்க இதுதான். தேர்ந்தெடுக்க ஆட்கள் குறைவு என்பதால் எல்லோர் அணியும் தானாகவே ஒன்றுபோல ஆகும். எட்டில் ஐந்து பேர் பொதுவாக இருப்பார்கள். மீதி மூன்று இடத்தில்தான் போட்டியே.

அப்படியானால் யார் யாரை எடுப்பார்கள் என்பதைக் கணிக்கத் தெரிய வேண்டும். லட்சம் பேர் ஆடும் ஆப்பில் பெரும்பாலும் விலை உயர்ந்தவர், போன வாரம் கோல் அடித்தவர், தலைப்புச் செய்தியில் வந்தவர் என்று ஓடும். தெரிந்த பன்னிரண்டு பேர் குழுவில் இதைவிடச் சுலபம், மனுஷர்களைத் தெரிந்தால் போதும். எங்கள் பக்கம் பாதிப் பேர் அர்ஜென்டினா, பாதிப் பேர் பிரேசில். உலகக் கோப்பை வந்தால் பூப்பாறை ஜங்ஷனில் இரண்டு கட்சிக்கும் பிளெக்ஸ் வைக்க இடம் பத்தாது. அந்தப் பாசம் கிளப் ஆட்டத்திலும் விடாது. லவுதாரோ அர்ஜென்டினாக்காரர் என்ற ஒரே காரணத்துக்காக ஜீப் அண்ணன் எடுத்தார். பிரேசில் கட்சியில் மூன்று பேர் ரஃபின்யாவையும் மார்க்கின்யோஸையும் சேர்த்தே போட்டார்கள். எனக்கு இது முன்கூட்டியே தெரியும். தெரிந்தும் யமாலைக் கேப்டன் போட்டேன், அது வேறு கதை.

ஒரு பழைய நோட்டில் ஒவ்வொரு சிலேட்டுக்கும் யார் யாரைப் போட்டார்கள் என்று எழுதி வையுங்கள். பத்துச் சிலேட்டுக்குள் ஒவ்வொருவர் புத்தியும் பிடிபட்டுவிடும்.

எத்தனை இடத்தில் விலகுவது

மேலே சொன்னதைக் கேட்டுவிட்டு எட்டுப் பேரையும் யாரும் எடுக்காத ஆளாகப் போடுகிறவர்கள் உண்டு. கடைசி இடத்துக்கு அதுதான் குறுக்கு வழி. எல்லோரும் எடுக்கும் ஆளை எல்லோரும் எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது.

பத்துப் பன்னிரண்டு பேர் குழுவுக்குக் கேப்டனும் இன்னொரு இடமும் போதும். அல்லது கேப்டனை விட்டுவிட்டு வேறு இரண்டு இடம். ஆயிரக்கணக்கானோர் ஆடும் போட்டி என்றால் மூன்று, நாலு இடம் விலகினால்தான் உச்சிக்குப் போக முடியும். அங்கே ஒரே மாதிரி அணி நூறு இருக்கும். பட்டியலின் மேல் பாதியில் வந்தால் போதும் என்கிற போட்டி, அல்லது மாதக் கடைசியில் மொத்தப் புள்ளி கூட்டும் அட்டவணை என்றால் விலகவே வேண்டாம், கூட்டத்தோடு போங்கள். நாங்கள் மாத அட்டவணையும் வைத்திருக்கிறோம். அதில் முதலில் வருகிறவர் எப்போதும் ஒரே ஆள்தான், வாராவாரம் ஜெயிக்கவே மாட்டார்.

விலகுவதற்கு இன்னொரு சத்தமில்லாத வழி உண்டு. கிரெடிட்டை மிச்சம் வைப்பது. எல்லோரும் 100ஐயும் செலவழிக்கப் பார்ப்பார்கள். சின்ன சிலேட்டில் 100ஐச் சரியாகத் தொடும் சேர்க்கைகள் கொஞ்சம்தான், அதனால் ஒரே அணியில் வந்து முட்டிக்கொள்வார்கள். மூன்று, நாலு கிரெடிட் மிச்சம் விட்டால் பிறர் கண்ணில் படாத சேர்க்கை ஒன்று கிடைக்கும். கிரெடிட்டைச் சேர்த்து வைத்தால் யாரும் வட்டி தரப்போவதில்லை என்பது நிஜம்தான், ஆனாலும் மனசு கேட்காது. பழக வேண்டும்.

கதையை முதலில் எழுதுங்கள், ஆட்களை அப்புறம் போடுங்கள்

சின்ன சிலேட்டில் உங்கள் அணி ஒரு கதை சொல்ல வேண்டும். இன்டர் முதலில் கோல் அடிக்கும், பார்சிலோனா ஏறி வரும், இரண்டு பக்கமும் பந்து குவியும் என்று நினைத்தால், இரு அணியின் தாக்குகிறவர்களையும் போடுங்கள், கோலியிடம் சேவ் எதிர்பாருங்கள், கோலே வாங்காத க்ளீன் ஷீட்டை மறந்துவிடுங்கள். மற்ற ஆட்டம் இறுக்கமாக ஒரு கோலில் முடியும் என்று நினைத்தால் அதிலிருந்து டிஃபென்டர்களை எடுங்கள். ஒரு கதையில் இருவர் சேர்ந்தே புள்ளி எடுப்பார்கள். கிராஸ் போடுகிறவரையும் தலையால் முட்டுகிறவரையும் ஒரே அணியிலிருந்து எடுத்தால் ஒரு கோலுக்கு 16 புள்ளி உங்கள் பைக்கு வரும்.

நான் போட்ட தப்பான அணிகளில் முக்கால்வாசி, இரண்டு கதையை ஒன்றாகக் கலந்தவை. ஒரு அணியின் டிஃபென்டர் இருவரையும் போட்டு, எதிரணியின் ஃபார்வர்டைக் கேப்டனாகவும் போடுவேன். கேப்டன் அடித்தால் டிஃபென்டர் இருவரின் க்ளீன் ஷீட்டும் போகும். வலது கை கொடுத்ததை இடது கை பிடுங்கும்.

இதற்கு ஒரு விலக்கு, கோலி. சேவுக்குப் புள்ளி இருக்கிற கணக்கில், உங்கள் ஃபார்வர்டும் எதிரணிக் கோலியும் ஒரே அணியில் இருக்கலாம். அந்த இரவு இன்டர் கோலி சோமர் மூன்று கோல் வாங்கினார். எங்கள் கணக்கில் கழித்தல் 6. ஆனால் யமாலும் மற்றவர்களும் அடித்ததைத் தட்டித் தட்டித் தள்ளியதில் அதை ஈடுகட்டி மிச்சமும் வைத்தார். க்ளீன் ஷீட்டுக்காகக் கோலி எடுக்கும் பழக்கம் பெரிய சிலேட்டுக்குச் சரி. நாலே கோலி உள்ள சிலேட்டில், அடி வாங்கப்போகிற அணியின் நல்ல கோலி பெரும்பாலும் விலை குறைவு, எடுப்பாரும் குறைவு.

லைன்-அப்: மலிவுச் சரக்கு வெளிவரும் நேரம்

சாம்பியன்ஸ் லீக்கில் லைன்-அப் ஆட்டத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் முன்னால் வெளிவரும். 11.15 ஆட்டத்துக்கு 10 மணி. அந்த ஒன்றேகால் மணி நேரம்தான் உங்கள் வேலை நேரம். அதற்கு முன் போட்டுப் பார்க்கிற அணி எல்லாம் வெறும் ஒத்திகை.

லைன்-அப்பில் பெரிய பெயர் யார் இல்லை என்று எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது அவருக்குப் பதில் யார் வந்தார் என்று. அந்த மே மாதம் பார்சிலோனாவில் வலது பின்கள ஆட்டக்காரர் கூண்டே காயம், இடது பக்கம் பால்தே காயம். வலதில் எரிக் கார்சியா இறங்கினார், இடதில் ஜெரார்டு மார்ட்டின். இருவருமே எங்கள் பட்டியலில் ஆக மலிவான விலை, வழக்கமாகத் தொடங்காதவர்கள் என்பதால். இடைவேளையில் இன்டர் 2-0 முன்னிலை. அப்புறம் மார்ட்டின் இடதிலிருந்து பந்தைத் தூக்கிப் போட, கார்சியா பாய்ந்து அடித்தார். மறுபடி மார்ட்டின் கிராஸ், ஓல்மோ தலையால் முட்டினார். கடைசி விலையில் இருந்த ஒருவருக்கு இரண்டு அசிஸ்ட், 12 புள்ளி, கிராஸ் அரைப்புள்ளிகள் தனி.

எங்கள் குழுவில் மார்ட்டினைப் போட்டிருந்தவர் ஒருவர்தான், போடியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் மாமா. மறுநாள் போனில் கேட்டேன்.

"எப்படி மாமா அவனைக் கண்டுபிடிச்சீங்க?"

"கண்டுபிடிக்க என்னடா இருக்கு? ரஃபின்யாவைக் கேப்டன் போட்டேன், ஹக்கிமியைப் போட்டேன், காசு தீந்துபோச்சு. மிச்சக் காசுக்கு எவன் வருவான்னு பாத்தேன், இவன் வந்தான்."

அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. மாமா இரண்டு விலையுயர்ந்த ஆட்களை உறுதியாக எடுத்துவிட்டு, மலிவு இடத்தில் தொடங்குவது நிச்சயமான ஒரு ஆளை வைத்தார். நான் அந்த இடத்தில் நடுத்தர விலையில் ஒருவரை வைத்து, அதற்காக மேலே ஒரு ஆளை இழந்தேன். சின்ன சிலேட்டில் நடுத்தர விலைதான் பெரிய பொறி. நடுத்தர விலைக்காரர்கள் நடுத்தரப் புள்ளியைத்தான் எடுப்பார்கள். இரண்டு மூன்று உச்சி, இரண்டு மூன்று அடிமட்டம் என்று பிரித்துப் போடுவது பெரும்பாலும் மேல்.

மலிவில் எடுக்கும்போது டிஃபென்டருக்கே முதல் இடம் கொடுங்கள், அதிலும் பக்கவாட்டில் ஓடுகிற ஃபுல்-பேக். 90 நிமிடமும் களத்தில் இருக்க வாய்ப்பு அதிகம், கிராஸ் போடுவார்கள், கார்னருக்கு ஏறுவார்கள். மலிவு ஃபார்வர்டு 60, 65ஆம் நிமிடத்தில் வெளியே வந்துவிடுவார். ஐந்து மாற்று ஆட்டக்காரர்கள் என்ற விதி 2020இல் கொரோனாவுக்காகத் தற்காலிகமாக வந்தது, 2022இல் நிரந்தரமானது. பழைய மூன்று மாற்று காலத்துக் கணக்கில் இன்னும் ஃபார்வர்டு எடுப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

நின்ற பந்து யார் காலில்?

இது சின்ன விஷயம், சட்டென்று முடித்துவிடலாம். நாலு அணிக்கும் ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள்: பெனால்டி யார், கார்னர் யார், ஃப்ரீகிக் யார். பெனால்டி நாலில் மூன்றாவது உள்ளே போகும். ஆறேழு கோல் சிலேட்டில் ஒரு பெனால்டி என்பது பெரிய சொத்து. அதற்காகப் பெனால்டி அடிப்பவரை மட்டும் நம்பி அணி போடவும் வேண்டாம். பாரிஸ் - ஆர்சனல் ஆட்டத்தில் விட்டின்யா அடித்த பெனால்டியை ஆர்சனல் கோலி ராயா தடுத்தார். கார்னர் எடுப்பவர் தினமும் கூலி வாங்குபவர் மாதிரி, கோல் வராவிட்டாலும் அரை அரையாகச் சேர்த்துக்கொண்டே இருப்பார்.

யாருக்கு என்ன தேவை என்று கேளுங்கள்

உலகக் கோப்பையில் குழுச் சுற்றின் கடைசி நாளில் ஒரே குழுவின் இரண்டு ஆட்டமும் ஒரே நேரத்தில் நடக்கும். இயற்கையே போட்டுத் தந்த சின்ன சிலேட்டு. அப்படி நடத்தத் தொடங்கியதற்குக் காரணம் 1982இல் ஸ்பெயினின் கிகோனில் நடந்த மேற்கு ஜெர்மனி - ஆஸ்திரியா ஆட்டம். அல்ஜீரியா முந்தின நாளே தன் ஆட்டத்தை முடித்திருந்தது. ஜெர்மனி 1-0 என்று ஜெயித்தால் இரு அணியும் அடுத்த சுற்றுக்குப் போகும், அல்ஜீரியா வெளியே. பத்தாவது நிமிடம் ஜெர்மனி ஒரு கோல் அடித்தது, மீதி எண்பது நிமிடம் பந்தை உருட்டி உருட்டி முடித்தார்கள். 1986 முதல் கடைசி ஆட்டங்கள் ஒரே நேரத்துக்கு மாறின.

ஒரே நேரம் ஆனாலும் தேவை மாறுவதில்லை. டிரா போதும் என்கிற அணியின் ஃபார்வர்டை விலை கொடுத்து எடுக்காதீர்கள். ஏற்கெனவே தகுதி பெற்ற அணி முக்கியமானவர்களுக்கு ஓய்வு கொடுக்கும், அங்கேதான் மலிவு ஆட்கள் முளைப்பார்கள். இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தே ஆக வேண்டிய அணி கடைசி அரை மணி நேரம் டிஃபென்டர்களையும் ஏற்றி அடிக்கும். அவர்களையும் எடுக்கலாம், அவர்களுக்கு எதிரான கோலியையும் எடுக்கலாம். அரையிறுதியின் இரண்டாம் சுற்று ஆட்டமும் இதே வகைதான். அசெர்பி 37 வயது டிஃபென்டர், 90+3இல் முன்னே நின்று கோல் அடித்தார் என்றால், இன்டருக்கு அந்த நேரம் வேறு போக்கிடம் இல்லை.

கடிகாரமும் சிக்னலும்

அக்டோபர் கடைசி ஞாயிறு ஐரோப்பா கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளும், மார்ச் கடைசி ஞாயிறு முன்னால் இழுக்கும். அக்டோபரில் 10.15க்குத் தொடங்கிய ஆட்டம் நவம்பரில் 11.15. மார்ச் கடைசிக்குப் பிறகு மறுபடி ஒரு மணி நேரம் முன்னால். மார்ச் கடைசியில் ஏமாறுகிறவர்கள் எங்கள் குழுவில் வருடத்துக்கு இரண்டு பேர்.

மழைக்காலத்தில் எங்கள் ஸ்டோரில் கரண்டும் சிக்னலும் ஒன்றாகவே போகும். ஒருமுறை லைன்-அப் பார்க்க மேட்டுக்கு ஏறி, டார்ச் அடித்துக்கொண்டு ஏலச்செடிகளுக்கு நடுவே நின்று அணியை அனுப்பினேன். சிக்னலில் ஒரு கோடுதான் விழுந்தது, இரண்டாவது கோடு விழவே இல்லை. கீழே வந்து பார்த்தால் பழைய அணியே பூட்டியிருந்தது. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். மாலையிலேயே ஒரு அணியை அனுப்பிவிடுவது, கூடவே கீழே ஒரு வரி: இன்னார் தொடங்காவிட்டால் இன்னார். எங்கள் குழு இதை விதியாகவே ஏற்றுக்கொண்டது. ஆப்பில் இந்த வசதி இல்லாவிட்டால், சந்தேகமான ஆளை மாலை அணியில் வைக்கவே வேண்டாம்.

பாதியில் மாற்றலாம் என்றால்

ஆட்டங்கள் வெவ்வேறு நேரத்தில் தொடங்கும் சிலேட்டில், இன்னும் ஆட்டம் தொடங்காதவர்களை மாற்றிக்கொள்ள அனுமதி இருந்தால், அதுதான் ஆக வலிமையான ஆயுதம். பலர் அதைத் தொடுவதே இல்லை.

இதற்காகவே முதல் அணியைப் போடும்போது, எந்த இடத்துக்காரரும் வரலாம் என்கிற அந்த எட்டாவது இடத்தைப் பின்னால் தொடங்கும் ஆட்டத்தின் ஆளுக்கு வையுங்கள். டிஃபென்டரை எடுத்துவிட்டு ஃபார்வர்டைப் போடும் சுதந்திரம் அங்கேதான் இருக்கிறது. முதல் ஆட்டக்காரரை அங்கே வைத்துவிட்டால் கை கட்டிப்போகும்.

முதல் ஆட்டம் முடிந்ததும் உங்கள் நிலையைப் பாருங்கள். முன்னால் இருக்கிறீர்களா? பின்னால் வருகிறவரிடம் யார் இருக்கிறாரோ அவரையே நீங்களும் போடுங்கள். அவருக்குப் புள்ளி வந்தால் உங்களுக்கும் வரும், இடைவெளி குறையாது. பின்னால் இருக்கிறீர்களா? முன்னால் இருப்பவரிடம் உள்ள ஆளை வைத்திருப்பதில் பயனே இல்லை, அவர் எத்தனை நல்ல ஆட்டக்காரரானாலும். அவரைத் தூக்கிவிட்டு வேறு ஒருவரைப் போடுங்கள். மனசுக்குக் கஷ்டமான வேலைதான், நல்ல ஆளை எடுத்துவிட்டு அவரைவிடக் கொஞ்சம் குறைந்தவரைப் போட வேண்டியிருக்கும்.

அந்த மே மாதம் முதல் இரவு முடிந்தபோது நான் மாமாவுக்கு 14 புள்ளி பின்னால். மறு இரவு 11.15க்கு லைன்-அப் வந்தது. என் அணியிலிருந்த டெம்பெலே பெஞ்சில், முதலில் அவரை மாற்றினேன். அப்புறம் எட்டாவது இடத்தில் ஹக்கிமி. மாமாவிடமும் ஹக்கிமி. அவர் என்னிடம் இருக்கும்வரை அந்த 14 குறையாது. ட்ரையர் சூட்டைப் பார்த்துவிட்டு வந்து அரை மணி நேரம் யோசித்து, ஹக்கிமியை எடுத்துவிட்டு சாக்காவைப் போட்டேன்.

72ஆம் நிமிடம் ஹக்கிமி கோல் அடித்தார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துக் குழுவில் சத்தம் கேட்டு எடுத்துப் பார்த்தால், 76ஆம் நிமிடம் சாக்கா அடித்திருக்கிறார். மாமாவுக்குப் பத்து, எனக்கும் பத்து. மாமா ஒரே ஒரு செய்தி அனுப்பியிருந்தார்: "14".